இழுவையா, மைலேஜா? குடும்பத்துக்கு செடான் கார் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

உறவிலும் நட்பிலும் பலருக்குக் கார் தேர்ந்தெடுக்கத் துணையாகப் போயிருக்கிறேன். பெரும்பாலோர் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். ஷோரூமுக்குள் நுழைந்ததும் "மைலேஜ் எவ்வளவு?" என்று கேட்டுவிடுகிறார்கள். வேகப்பிரியர்களாக இருந்தால் "எத்தனை குதிரைத்திறன்?" என்கிறார்கள். இரண்டும் கேட்க வேண்டியவைதான், ஆனால் முதலில் கேட்க வேண்டியவை அல்ல.

சரியான வரிசை இது: முதலில் உங்கள் ஓட்டம், அடுத்து உங்கள் சுமை, அவற்றிலிருந்து இழுவைக்கு ஒரு கீழ்வரம்பு. அந்த வரம்பைத் தாண்டி நிற்கும் கார்களுக்குள் மட்டும் மைலேஜைப் பார்க்க வேண்டும். மைலேஜிலிருந்து தொடங்குகிறவர் மூச்சு வாங்கும் வண்டியோடு வீடு திரும்புகிறார். குதிரைத்திறனிலிருந்து தொடங்குகிறவர், ஒருநாளும் முழுதாகப் பயன்படுத்தாத இன்ஜினுக்குப் பல ஆண்டுகள் எரிபொருள் ஊற்றுகிறார்.

1. தொடங்கும் முன் கையில் வேண்டியவை

ஒரு நோட்டு, ஒரு கால்குலேட்டர், பரிசீலிக்கும் ஒவ்வொரு காரின் தொழில்நுட்ப விவரத் தாள். அந்தத் தாளில் நான்கு எண்களை மட்டும் வட்டமிட்டுக்கொள்ளுங்கள்: காலி எடை, அதிகபட்சத் திறன், அதிகபட்ச டார்க் (இன்ஜினின் முறுக்கு விசை), அந்த டார்க் கிடைக்கும் ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை).

எண்கள் நீங்கள் வாங்கப்போகும் அதே வகைக்கு உரியவையா என்று பாருங்கள். விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படும் மைலேஜ், வரிசையிலேயே எடை குறைந்த வகைக்கு உரியதாக இருக்கலாம். நீங்கள் வாங்குவது அகலமான டயரும் திறக்கும் கூரையும் வைத்த மேல்வகை என்றால், அந்த எண் உங்களுடையது அல்ல.

கடைசியாக, சோதனை ஓட்டத்துக்கு வரச் சம்மதிக்கும் மூன்று பேர். இது விளையாட்டுப் பேச்சு இல்லை. 8-ஆம் படியில் அவர்கள் இல்லாமல் முடியாது.

2. ஒரு மாத ஓட்டத்தை எழுதிப் பாருங்கள்

நினைவை நம்பாதீர்கள். சுற்றுலாப் பயணங்கள் மனத்தில் நிற்கும், பால் வாங்கப் போன பயணங்கள் நிற்காது. "பாதி ஓட்டம் நெடுஞ்சாலையில்தான்" என்று அடித்துச் சொன்ன என் மைத்துனரை ஒரு மாதம் எழுதச் சொன்னேன். 900 கிலோமீட்டரில் நெடுஞ்சாலை 140 மட்டுமே. டீசல் கார் வாங்கும் யோசனையை அன்றே கைவிட்டார்.

நான்கு பத்தி போதும்: ஐந்து கிலோமீட்டருக்குக் குறைந்த பயணம், நகர நெரிசல், நெடுஞ்சாலை, ஏற்றச் சாலை. ஒவ்வொரு பயணத்திலும் எத்தனை பேர் ஏறினார்கள் என்பதையும் குறியுங்கள்.

குறுகிய பயணத்துக்குத் தனிப் பத்தி எதற்கு? குளிர்ந்த இன்ஜின் எரிபொருளை அதிகம் கேட்கும். அது சூடேறி நிதானத்துக்கு வருவதற்குள் உங்கள் பயணமே முடிந்துவிடும். அப்படிப்பட்ட ஓட்டம் அதிகமுள்ளவருக்கு எந்தக் காரும் அறிவித்த மைலேஜைத் தராது. சிக்னலில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் மைலேஜ் பூஜ்யம்.

3. சுமையைக் கிலோவில் கணக்கிடுங்கள்

காலி எடை 1,250 கிலோ உள்ள செடானில் ஓட்டுநர் மட்டும் அமர்ந்தால் ஏறக்குறைய 1,320. ஐந்து பேரும் ஏறி டிக்கியில் பெட்டிகளையும் அடுக்கினால் 1,650. சரியாக நான்கில் ஒரு பங்கு கூடுகிறது.

இது சாலையில் எப்படித் தெரியும் என்று பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி, முன்னால் போகும் லாரியை முந்த 100-ஐ எட்ட வேண்டும். காற்றையும் டயர் உராய்வையும் சமாளித்ததுபோக 40 கிலோவாட் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் மட்டும் இருந்தால் ஏறக்குறைய 8 விநாடி, முழுச் சுமையில் 10 விநாடி. அந்த இரண்டு விநாடியில் வண்டி 45 மீட்டர் ஓடியிருக்கும், அதுவும் எதிரே வருபவரின் தடத்தில்.

குடும்பக் காருக்கு இழுவை தேவைப்படுவது இதற்காகத்தான். மிக அதிக வேகம் எவ்வளவு என்பதை மறந்துவிடுங்கள், அது உங்களுக்கு வேண்டாத எண்.

4. குதிரைத்திறனையும் டார்க்கையும் சேர்த்துப் படியுங்கள்

முதலில் அலகுச் சிக்கல். ஒரு நிறுவனம் கிலோவாட் என்று அச்சிடும், இன்னொன்று பிஎச்பி என்னும், மூன்றாவது பிஎஸ் என்னும் (பின்னவை இரண்டும் குதிரைத்திறன் அலகுகளே). 100 கிலோவாட் என்பது 134 பிஎச்பி, அதுவே 136 பிஎஸ். மூன்றும் ஒரே இன்ஜின்தான். எல்லாவற்றையும் ஒரே அலகுக்கு மாற்றி நோட்டில் எழுதிய பிறகே ஒப்பிடுங்கள்.

அடுத்து, அதிகபட்சத் திறன் எந்த ஆர்பிஎம்மில் கிடைக்கிறது என்பது. 6,000 ஆர்பிஎம்மில் கிடைக்கும் 110 குதிரைத்திறன் வேண்டுமென்றால் இன்ஜினை அலறவிட வேண்டும். குடும்பத்தோடு போகையில் யாரும் அப்படி ஓட்டுவதில்லை. அன்றாடம் ஆர்பிஎம் முள் 1,500-க்கும் 3,000-க்கும் இடையில்தான் கிடக்கும். ஆகவே அந்த இடைவெளியில் இன்ஜின் என்ன தருகிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு எளிய சூத்திரம் இருக்கிறது. நியூட்டன் மீட்டரில் உள்ள டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். 2,000 ஆர்பிஎம்மில் 125 நியூட்டன் மீட்டர் தரும் சாதாரண பெட்ரோல் இன்ஜினிடம் அந்த நொடியில் இருப்பது 26 கிலோவாட். அதே 2,000-இல் 172 தரும் சிறிய டர்போ இன்ஜினிடம் (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் விசிறி கொண்டது) 36. விவரத் தாளின் உச்சியில் இரண்டுக்கும் ஒரே குதிரைத்திறன் எழுதியிருக்கலாம். ஆனால் மிதித்ததும் காலுக்குத் தெரிவது இந்தப் பத்து கிலோவாட் வித்தியாசம்தான்.

உண்மையில் எவ்வளவு தேவை? சமதளத்தில், காற்று எதிர்க்காத நாளில், 100 கிலோமீட்டர் வேகத்தைச் சீராகப் பிடித்திருக்க நடுத்தர செடானுக்குச் சக்கரத்தில் ஏறக்குறைய 12 கிலோவாட் போதும். 16 குதிரைத்திறன். பலர் நம்புவதில்லை, எனவே கணக்கைப் போட்டுக் காட்டவேண்டியிருக்கிறது. 80-இல் 7 கிலோவாட், 120-இல் 19. வேகம் ஒன்றரை மடங்கானால் தேவை இரண்டரை மடங்குக்கு மேல் ஏறுகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால் வரும் விளைவு இது.

மீதித் திறன் வேலைக்கு வருவது முந்தும்போதும் ஏற்றத்திலும்தான். நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் சாலையில் முழுச் சுமையோடு 60-இல் ஏற ஏறக்குறைய 21 கிலோவாட் சக்கரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஏசியின் பங்கு தனி. சற்று முன் பார்த்த 26 கிலோவாட் இன்ஜின் 2,000 ஆர்பிஎம்மில் இதைச் சமாளிக்கத் திணறும், கியரைக் குறைத்து ஆர்பிஎம்மை ஏற்றியே ஆக வேண்டும்.

மலைப்பகுதியில் வசிப்பவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 18 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் கிட்டத்தட்ட அதே அளவுக்கு இழுவையை இழந்துவிடும். டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் அதன் இழப்பு மிகக் குறைவு.

5. கியர்பாக்ஸைப் பார்க்காமல் இன்ஜினை மதிப்பிடாதீர்கள்

இன்ஜின் விவரத்தை வரிவரியாகப் படிக்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஒரே இன்ஜின் இரண்டு கியர்பாக்ஸோடு விற்கப்படும்போது, ஓட்டிப் பார்த்தால் அவை இரண்டு வெவ்வேறு கார்கள்.

படிப்படியான கியர்கள் இல்லாமல் விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றும் சிவிடி வகை நகரத்தில் வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு போகும், மைலேஜும் நன்றாக இருக்கும். சட்டென்று அழுத்தினால் பல கார்களில் சத்தம் முதலில் எழும், வேகம் சற்றுப் பின்னால் வரும். கிளட்சைத் தானே அமுக்கும் ஏஎம்டி, மேனுவலின் மைலேஜைத் தரும். ஆனால் கியர் மாறும் ஒவ்வொரு முறையும் இழுவை ஒரு கணம் அறுந்துபோகும். முந்தும் நடுவில் அது நேர்ந்தால் வயிற்றைக் கலக்கும். கிளட்சுக்குப் பதில் திரவத்தின் வழியே இழுவையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை ஏற்றத்தில் நம்பகமானது, எரிபொருள் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கலாம். அடுத்த கியரை முன்கூட்டியே தயாராக வைத்திருக்கும் இரட்டைக் கிளட்ச் விரைவானது. நெரிசலில் ஊர்ந்துகொண்டே இருப்பது மட்டும் அதற்குப் பிடிக்காது.

ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: மேல் கியரில் 100 வேகத்தில் ஆர்பிஎம் எவ்வளவு? 2,000-ஐ ஒட்டி இருந்தால் நீண்ட பயணத்தில் மைலேஜும் அமைதியும் கிடைக்கும். 3,000-ஐத் தொட்டால் இரண்டும் குறையும். விற்பனையாளருக்கு விடை தெரியாமல் இருக்கலாம். பரவாயில்லை, ஓட்டும்போது முள்ளே சொல்லிவிடும்.

6. கீழ்வரம்பை வைத்து அடித்துவிடுங்கள்

இனி ஒரு வகுத்தல் கணக்கு. குதிரைத்திறனை, முழுச் சுமையேற்றிய எடையால் டன் கணக்கில் வகுங்கள். 1,650 கிலோ, 100 குதிரைத்திறன் என்றால் டன்னுக்கு 60.

நான் வைத்திருக்கும் அளவுகோல், ஓட்டிப் பார்த்த பட்டறிவில் வந்தது: சமதள நகர ஓட்டம் மட்டும் என்றால் 50 போதும். நெடுஞ்சாலையில் அடிக்கடி முந்த வேண்டியவருக்கு 60. முழுக் குடும்பத்தோடு மலை ஏறுகிறவருக்கு 65, அதோடு 2,000 ஆர்பிஎம்முக்குள் டார்க்கும் வந்துவிட வேண்டும். 90-ஐத் தாண்டினால் அது குடும்பத்துக்காக வாங்குவதாகச் சொல்லி உங்கள் ஆசைக்காக வாங்குவது. ஆசைப்படுவது குற்றமில்லை, நோட்டில் அதைப் 'பாதுகாப்பு' என்று எழுதாதிருந்தால் சரி.

வரம்புக்குக் கீழே உள்ளதை, மைலேஜ் எவ்வளவு இனித்தாலும், பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். திறன் போதாத வண்டியை எப்போதும் முழு மிதியில் ஓட்டவேண்டியிருக்கும். அப்போது அந்த மைலேஜும் கைக்கு வராது.

7. மிஞ்சியவற்றின் மைலேஜை லிட்டரில் எழுதுங்கள்

அறிவிக்கப்படும் எண் ஆய்வகத்தில் உருளைகள் மேல் காரை ஓட்டி எடுத்தது. பல நாடுகள் ஏற்றுள்ள டபிள்யூஎல்டிபி என்ற சோதனை முறையில் ஓட்டம் 30 நிமிடம், 23 கிலோமீட்டர், சராசரி வேகம் 46.5, ஏசி அணைத்த நிலை. இந்தியாவின் பழைய எம்ஐடிசி சோதனைச் சுழற்சியில் உச்ச வேகமே 90. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இபிஏ 2008 மாடல் ஆண்டிலிருந்து ஏசி ஓட்டத்தையும் குளிர்நிலை ஓட்டத்தையும் கணக்கில் சேர்ப்பதால், அதன் எண்கள் பொதுவாக நடப்புக்கு நெருங்கி வரும். ஒரு முறையில் எடுத்த எண்ணை இன்னொரு முறையில் எடுத்த எண்ணோடு வைத்து ஒப்பிடவே கூடாது.

பெரிய கண்கட்டு வேறொன்று. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு நம்மை ஏமாற்றும். 10 தரும் காருக்குப் பதில் 12 தரும் காரை வாங்கினால் 1,000 கிலோமீட்டருக்கு 17 லிட்டர் மிச்சம். 20 தரும் காருக்குப் பதில் 24 தருவதை வாங்கினால் 8 லிட்டர்தான் மிச்சம். காகிதத்தில் இரண்டாவது வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது, டேங்கில் முதலாவதுதான் பெரிது. ஆகவே ஒவ்வொரு காருக்கும் ஆண்டு ஓட்டத்தை மைலேஜால் வகுத்து, லிட்டரில் எழுதுங்கள்.

ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 15 தரும் கார் 667 லிட்டர் குடிக்கும், 18 தரும் கார் 556. வித்தியாசம் 111 லிட்டர். இப்போது இரண்டு கார்களின் விலை வித்தியாசத்தை ஒரு லிட்டர் எரிபொருளின் விலையால் வகுங்கள். விடை 1,500 லிட்டர் என்று வந்தால், அந்தக் கூடுதல் விலை திரும்பி வரப் பதின்மூன்றரை ஆண்டு ஆகும். அதற்குள் அந்தக் காரே உங்களிடம் இருக்காது. இந்த ஒரு வகுத்தலைப் பார்த்ததும் பலரும் அமைதியாகிவிடுவார்கள்.

எரிபொருள் வகையும் இந்தக் கணக்குக்குள்தான் வரும். ஒரு லிட்டர் டீசலில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல், டீசல் இன்ஜின் அந்த ஆற்றலை வீணாக்குவதும் குறைவு. ஆனால் அதன் புகை வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, நிற்காமல் சூடாக ஓடும் நேரம் வேண்டும். குறுகிய பயணம் நிறைந்த நோட்டுக்காரர்கள் டீசலை வாங்கிவிட்டு எச்சரிக்கை விளக்கோடு மல்லாடுகிறார்கள். இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் நெரிசலில் ஜொலிக்கும், பிரேக்கில் வீணாகும் ஆற்றலை மீட்பதுதான் அதன் பலம். பிரேக்கே போடாத நெடுஞ்சாலையில் அந்த ஆதாயம் சுருங்கிவிடும். சிறிய டர்போ பெட்ரோல் மெதுவான காலுக்கு நல்ல மைலேஜ் தரும், கனமான காலுக்குத் தராது. உயர் ஆக்டேன் பெட்ரோல் கட்டாயமா என்று எரிபொருள் நிரப்பும் மூடியின் உட்புறத்தில் எழுதியிருப்பதையும் பாருங்கள். கட்டாயமென்றால் லிட்டர் விலையை மாற்றி மறுபடி கணக்கிடுங்கள்.

8. சோதனை ஓட்டத்தை நீங்கள் நடத்துங்கள்

என் அக்கா வீட்டுக்காரர் வாங்கிய காரைச் சோதித்தது ஷோரூமுக்கு எதிரே இருந்த அகலமான சமதளச் சாலையில், காலை ஏழு மணிக் குளிர்ச்சியில், பக்கத்தில் ஒல்லியான விற்பனையாளர் ஒருவரோடு. வண்டி பறந்தது. இரண்டு மாதம் கழித்து ஐந்து பேராக மலை ஏறினோம். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் முதல் கியர். இன்ஜின் கதறியது, வண்டி நகர்ந்தது என்று சொல்லலாம். ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஏசியை அணைத்தார். யாரும் எதுவும் பேசவில்லை. பின்னால் வந்த பஸ்காரர் மட்டும் விடாமல் ஹாரன் அடித்தார்.

அதனால்தான் மூன்று பேரை அழைத்துப் போகச் சொன்னேன். எல்லாரையும் ஏற்றி, ஏசியை முழுதாக வைத்து, இந்த வரிசையில் ஓட்டுங்கள்.

முதலில் ஊர்ந்து போகும் நெரிசல். பத்து நிமிடம் போதும். நின்று நகரும்போது வண்டி உதறுகிறதா, மிதித்த பிறகு ஒரு நொடி யோசிக்கிறதா என்று கவனியுங்கள். குறைந்த வேகத்தில் டர்போ விழித்துக்கொள்ளத் தாமதிப்பது இங்கேதான் தெரியும்.

பிறகு ஒரு ஏற்றம். நடுவில் நிறுத்தி மறுபடி கிளப்புங்கள். பல மாடி வாகன நிறுத்தத்தின் சரிவுப்பாதைகூட இதற்குப் போதும்.

மூன்றாவதாக, பாதுகாப்பான நேர்ச்சாலையில் 40-லிருந்து 80-க்குப் போக எத்தனை விநாடி என்று பின்னால் இருப்பவர் கைபேசியில் எடுக்கட்டும். பூஜ்யத்திலிருந்து 100 என்பது விளம்பரத்துக்கான எண், குடும்பக்காரர் அன்றாடம் செய்வது 40-லிருந்து 80. ஒவ்வொரு காரையும் அதே சாலையில், அதே ஆட்களோடு, அதே திசையில் ஓட்டினால்தான் ஒப்பீடு செல்லும். அதே திசை என்பதை வலியுறுத்துகிறேன். கண்ணுக்குத் தெரியாத சரிவு விநாடிகளைத் தின்றுவிடும்.

திரையில் காட்டும் மைலேஜை இந்த ஓட்டத்தில் பொருட்படுத்தாதீர்கள். இருபது நிமிடத்தில் அது எதையும் நிரூபிக்காது.

இறங்கியதும் பின்னிருக்கைக்காரர்களைக் கேளுங்கள். இன்ஜின் சத்தத்தால் அவர்கள் குரலை உயர்த்திப் பேசவேண்டியிருந்ததா? ஓட்டுபவரின் காதைவிட அவர்களின் காது நேர்மையானது.

9. வாங்கிய பின் டேங்குக்கு டேங்க் அளந்துவிடுங்கள்

இது எதற்கென்றால், கணக்குத் தவறியிருந்தால் காரணம் காரா, காலா என்று தெரிந்துகொள்ள. பம்ப் தானாக நிற்கும் வரை நிரப்பி, பயண மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். டேங்க் பெரும்பாலும் தீர்ந்ததும் அதே பம்பில், அதே முதல் நிறுத்தம் வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இப்போது நிரப்பிய லிட்டரால் வகுத்தால் உண்மை மைலேஜ். நின்ற பிறகும் விளிம்புவரை ஊற்றச் சொல்லாதீர்கள், அளவும் கெடும், ஆவியைப் பிடிக்கும் அமைப்பும் கெடும்.

ஒரு டேங்கை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், மூன்றின் சராசரியை எடுங்கள். திரையில் வரும் எண் பெரும்பாலும் சற்றுக் கூட்டியே காட்டும்.

வந்த எண் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவா? சர்வீஸுக்கு ஓடும் முன் டயரில் காற்றைப் பாருங்கள், டிக்கியைத் திறந்து பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் நான்கு மாதமாக இரண்டு மூட்டை சிமெண்டைச் சுமந்துகொண்டு மைலேஜ் இல்லையென்று புலம்பிக்கொண்டிருந்தார்.